எழுவாயைத் தேடும் வினை

பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலே தமிழும் தெருவிலே கன்னடமும் பள்ளியிலே ஆங்கிலமும் பேசி வளர்கிறவர்கள். ஆயினும் அவர்களுள் பலர் உயர் வகுப்புக்கு வந்த பின்னரும் ‘ஹி கம்ஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹி கம்’ என்றே சொல்லிவிடுவதும், உபாத்தியாயர்கள் அதை அசிரத்தை என்று கண்டிப்பதும் வழக்கமாக இருந்துவருகின்றன. அந்தக் கண்டனம் நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம்.

எழுவாய்க்கு இசைய வினைமுற்று மாற வேண்டும் என்னும் நியதி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தன் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே திணை, பால் முதலியவற்றின் இயைபை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள கோலாரை ஒரு காலத்தில் ஆண்ட கங்கர் மரபில் வந்த சீயகங்கன் வேண்டிக்கொள்ளப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் அதே மரபைத் தொடர்கிறது. எழுத்தறியாத குழந்தைகூட ‘அம்மா வந்தான்’ என்று சொல்வதில்லை. அடுத்த வீட்டுக் கன்னடக் குழந்தையும் ‘பருத்தானே’, ‘பருத்தாளே’ என்று பால் பிரித்தே பேசுகிறது. இவ்வளவு விகுதிகளைச் சிரமமின்றி ஆளும் நாவுக்கு ஆங்கில நிகழ்காலத்தின் ஒற்றை ‘எஸ்’ ஏன் வசப்படவில்லை?

முதற்காரணம், அந்த ‘எஸ்’ புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை. ‘வந்தாள்’ என்றாலே நமக்கு வாக்கியம் நிறைவுபெறுகிறது. வந்தவள் ஒரு பெண் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை விட்டுவிட்டுப் பேச இயலாது. அது முன்னமே சொல்லப்பட்டுவிட்டபடியால், வினையின் இறுதியில் வரும் ஓசையைக் காது பொருட்படுத்துவதில்லை. மேலும், பெயரோடு சேர்ந்தால் பன்மையையும் வினையோடு சேர்ந்தால் ஒருமையையும் அதே எழுத்துக் காட்டுவது மாணவனை மயக்குகிறது. நம்முடைய மரியாதைப் பன்மையும் ஓரளவு குறுக்கிடுகிறது. ‘ஆசிரியர் வருகிறார்’ என்று பழகியவர்களுள் சிலர் ஆங்கிலத்திலும் ஒருவரைப் பலராக்கிவிடுகிறார்கள்.

இவை அனைத்தினும் ஆழமான காரணம் சொற்களின் வரிசையிலே இருக்கிறது. ‘மாம்பழங்கள் நிறைந்த கூடை கனக்கிறது’ என்னும்போது அடைமொழிகள் யாவும் முன்னே சென்றுவிட, கூடையும் கனக்கிறது என்னும் வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன; இயைபு பிசகுவதற்கு இடமே இல்லை. ஆங்கிலத்திலோ ‘தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்’ என்று கூடை முன்னே போய்விடுகிறது. வினைக்கு அருகில் நிற்பவை மாம்பழங்கள். மாணவன் அருகிலிருப்பதை எழுவாயாகக் கொண்டு ‘ஆர்’ என்று எழுதுகிறான். ‘என் சகோதரர்களில் ஒருவர் மைசூரில் வசிக்கிறார்’ என்பதை ஆங்கிலமாக்கும்போதும் இதே விபரீதம் நேர்கிறது. ‘ஒருவர்’ என்பது வினையின் பக்கத்திலிருந்து வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது. ஆகையால், கனப்பது எது, வசிப்பவர் யார் என்று வினையைக் கொண்டே எழுவாயைக் கேட்டறியும் பழக்கத்தை உண்டாக்கினால் பெரும்பான்மையான பிழைகள் நீங்கும்.

எஞ்சியதற்குக் காலம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரௌன் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் பெயரின் பன்மை ‘எஸ்’ஸை முன்னரே கைக்கொண்டு, வினையின் ‘எஸ்’ஸை வெகு தாமதமாகவே அடைவதைக் கண்டார். அவர் ஆராய்ந்த பதினான்கு உருபுகளின் வரிசையில் அதற்குப் பத்தாவது இடமே கிடைத்தது.

இலக்கணத்தை எப்படிப் பயிற்றுவது என்னும் விஷயத்தில் பெங்களூரின் பெயரே உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்-சென்னைப் பரிசோதனையில், மாணவர்களுக்கு இலக்கண விதிகளைப் போதியாமல், ரயில் கால அட்டவணைகளையும் வரைபடங்களையும் கொடுத்து, பொருளிலே மனம் செல்லும்படியான வினாக்களைக் கேட்டார்கள். பின்னர் பெரெட்டா, டேவிஸ் என்னும் ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டபோது, வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறையில் பயின்றோரே மேம்பட்டிருந்தார்கள். ஆனால் பொருளறிதலையும், சூழலில் வைத்து இலக்கணத்தைப் பிரயோகிப்பதையும் சோதித்த தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள்.

இரண்டு முறைகளையும் இணைப்பதே உசிதம் என்று நான் கருதுகிறேன். விதியை ஒருமுறை தமிழிலேயே விளக்கிவிட்டு, பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் லால்பாக் எக்ஸ்பிரஸின் கால அட்டவணையை மாணவர் கையில் கொடுத்து, வண்டி எப்போது புறப்படுகிறது, எங்கெங்கே நிற்கிறது, எப்போது போய்ச் சேர்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். ‘லீவ்ஸ்’, ‘ஸ்டாப்ஸ்’, ‘அரைவ்ஸ்’ என்று அந்த ‘எஸ்’ ஒவ்வொரு விடையிலும் வந்தே தீரும்.