எக்ஸ்எம்எல் செயலாக்கத்தில் இழைப் பாதுகாப்பு

த்ரெட் எனப்படும் இழைகள் பல ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் பிழையின்றி இயங்கும் ஆப்ஜெக்ட், இழைப் பாதுகாப்பு உடையது எனப்படும். எக்ஸ்எம்எல் ஆவணங்களைக் கையாளும் ஆப்ஜெக்ட்டுகளுள் சில இப்பாதுகாப்பு உடையவை, பல இல்லாதவை. ஜாவா மொழியில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

காரணம்

ஆவணத்தை வாசிக்கும் பாகுபடுத்தி, எந்த உறுப்புக்குள் இருக்கிறது, எந்தப் பெயர்வெளிகள் நடப்பில் உள்ளன, எதுவரை வாசித்தது ஆகியவற்றைத் தன்னுள்ளேயே குறித்துவைக்கிறது. இரண்டு இழைகள் ஒரே பாகுபடுத்தியிடம் இரண்டு ஆவணங்களைத் தந்தால் இக்குறிப்புகள் கலந்துவிடும். அப்பாச்சி செர்செஸ், ஒரு பாகுபடுத்தல் முடியுமுன் மற்றொன்று தொடங்குவதைக் கண்டால் பிழை அறிவித்து நிறுத்தும். ஆனால் எல்லா மோதல்களும் இவ்வாறு பிடிபடும் என நம்ப முடியாது. பிடிபடாதபோது ஒருவரின் தரவு வேறொருவரின் விடையில் சேரக்கூடும். ஒரே பயனரை வைத்துச் சோதிக்கும்போது இத்தவறு தெரியாது.

பகிரத்தக்கவையும் தகாதவையும்

* டெம்ப்ளேட்ஸ் என்பது தொகுக்கப்பட்ட எக்ஸ்எஸ்எல்டி நடைதாள். இதை எல்லா இழைகளும் பகிரலாம். இதிலிருந்து பெறும் டிரான்ஸ்ஃபார்மரைப் பகிரக்கூடாது.
* ஸ்கீமா உருவானபின் மாறாதது, பகிரலாம். ஆவணத்தைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் ஒவ்வோர் இழைக்கும் தனியாக வேண்டும்.
* எக்ஸ்பாத் எக்ஸ்பிரஷன் தொகுக்கப்பட்டதே எனினும் இழைப் பாதுகாப்பு அற்றது. பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல் ஆவணக் குறிப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

மறுபயன்பாடு

பாகுபடுத்தியை உருவாக்கித் தரும் ஃபேக்டரியைப் புதிதாகப் பெறும்போது, எந்தச் செயலாக்கத்தைப் பயன்படுத்துவது என்று ஜாவா பல இடங்களில் தேடுகிறது. சிறு ஆவணங்களை ஆயிரக்கணக்கில் வாசிக்கும் சேவையகத்தில் இச்செலவு பெரிதாகும். எனவே ஒவ்வோர் இழைக்கும் ஒரு டாக்குமெண்ட்பில்டரை ஒதுக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். 2004இல் வந்த ஜாவா 5, அதனைத் தொடக்க அமைப்புக்குத் திருப்பும் ரீசெட் வசதியைத் தந்தது. ரீசெட் செய்தபின், இடையில் பொருத்திய பிழைக் கையாளிகளை மீண்டும் பொருத்த வேண்டும்.

டோம் மரம்

மாற்றாமல் வாசிப்பது மட்டும் எப்போதும் பாதுகாப்பானது என்பதும் சரியன்று. செர்செஸ் தன் இயல்பமைப்பில் டோம் மரத்தின் கணுக்களை முதலிலேயே முழுமையாக உருவாக்குவதில்லை, கேட்கும்போதுதான் விரிக்கிறது. ஆகவே வாசிப்பதே மரத்தின் உள்நிலையை மாற்றும். ஒரே மரத்தைப் பல இழைகள் வாசிக்க வேண்டுமானால் பூட்டிட்டு வாசிக்க வேண்டும். அல்லது தேவையான தரவை முன்னதாகவே மாறாத ஆப்ஜெக்ட்டுகளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.