நின்றுபோன பாக்கெட் வாட்சுக்கு என்ன வேண்டும்?

பீரோ லாக்கரிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ தாத்தாவின் பாக்கெட் வாட்ச் அகப்பட்டதும், யாராக இருந்தாலும் முதலில் அதற்குச் சாவி கொடுத்துப் பார்ப்பார்கள். நாலு திருகு திருகினால் சில சமயம் அது ஓடவும் செய்யும். வீடே கூடி மகிழும். அங்கேதான் வினை. முப்பது, நாற்பது வருடம் சும்மா கிடந்த வாட்ச் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடும் வரை அதற்குச் சாவி கொடுக்கவே கூடாது.

காரணம் எண்ணெய். வாட்சுக்குள் சுழலும் ஒவ்வொரு அச்சின் இரு முனைகளும் மிக மெல்லியதாகச் சீவப்பட்டிருக்கும். அந்த முனை, பெரும்பாலும் மாணிக்கக் கல்லில் போட்ட துளைக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. ‘15 ஜுவல்’, ‘17 ஜுவல்’ என்று உள்ளே பொறித்திருப்பது வாட்சில் உள்ள கற்களின் மொத்த எண்ணிக்கைதான். (இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கை மாணிக்கம் வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய வாட்சுகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்; கழற்றி விற்றால் காசு பெறாது.) கல்லில் அச்சு தேயாமல் இருக்கத் துளி எண்ணெய் வைப்பார்கள். பூஜை விளக்கின் அடியில் எண்ணெய் பிசுக்காக இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். வாட்சிலும் அதேதான் நடக்கிறது. பிசுக்கில் தூசி சேர்ந்தால் உப்புத்தாளின் குணம் வந்துவிடும். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அச்சைத் தேய்க்கிறது.

சாதாரண பாக்கெட் வாட்ச் ஒன்றில் முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அசையும். நாளுக்கு 4,32,000. பேலன்ஸ் அச்சு முனையின் விட்டமோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணெய் இல்லாமல் ஓட்டுவது என்னவென்று புரியும்.

“தாத்தா கடைசியாக அளவுக்கு மீறி சாவி கொடுத்துவிட்டார், அதனால்தான் நின்றுவிட்டது” என்று பல வீடுகளில் சொல்வார்கள். பாவம், அவர்மேல் பழி போட வேண்டாம். வாட்சை ஓட்டும் விசைச் சுருளான மெயின் ஸ்பிரிங் முழுதாகச் சுற்றிய பிறகு, சாவி கொடுக்கும் குமிழ் திரும்பாது, அவ்வளவுதான். முழுச் சாவி இருந்தும் வாட்ச் நிற்கிறது என்றால், விசை கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். மெயின் ஸ்பிரிங்கில் வலு நிறைய. ஆனால் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்குப் போகப் போக வேகம் கூடும், வலு குறையும். மணிக்கு ஒரு சுற்று சுற்றும் நடுச் சக்கரத்தை லேசான பிசுக்கு ஒன்றும் செய்யாது. கடைசியில் இருக்கும் எஸ்கேப் வீலை அதே பிசுக்கு அப்படியே நிறுத்திவிடும். ஆகவே நின்றுபோன பாக்கெட் வாட்ச் என்றால் உடைந்துபோனது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அழுக்குதான்.

அடுத்தது, கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. டயலில் உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது. அது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயரோடு வந்த வாட்சுகள் உண்டு. இயந்திரத்தைச் செய்தது வேறு யாராவதாக இருக்கும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் ஸ்விட்சர்லாந்தில் செய்த இயந்திரங்களைத் தன் பெயரில் விற்றது. உண்மையான ஜாதகம் பின்மூடிக்கு அடியில், இயந்திரத்தின் மேலேயே இருக்கிறது. அமெரிக்க வால்தம், எல்ஜின் வாட்சுகளாக இருந்தால் அதிர்ஷ்டம். இயந்திரத்தில் உள்ள வரிசை எண்ணை வைத்தே செய்த ஆண்டைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கூட்டில் இருக்கும் எண் வேறு, இயந்திரத்தில் இருக்கும் எண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஐம்பது வருடம் முன்பின் சொல்பவர்கள் நிறையப் பேர்.

பின்மூடியை எப்படித் திறப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சில மூடிகள் திருகு மரை உள்ளவை, உள்ளங்கையால் அழுத்தி இடப்புறம் திருப்பினால் கழன்று வரும். சிலவற்றுக்குக் கீல் இருக்கும், விளிம்பில் நகம் நுழைய ஒரு மேடு தெரியும். அதற்குள் இன்னொரு தூசிமூடியும் இருக்கலாம். கத்தி முனையால் நெம்பாதீர்கள். வழுக்கினால் கோடு விழுவது கூட்டில் மட்டுமல்ல. கூட்டின் உட்புறத்தில் 0.800, 0.875, 0.935 என்று எண் இருந்து, பக்கத்தில் காட்டுக்கோழி அல்லது கரடி உருவம் பொறித்திருந்தால் அது ஸ்விஸ் வெள்ளி. ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான் அந்த எண். தங்க நிறக் கூட்டில் ‘20 வருட உத்தரவாதம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது பித்தளைமேல் மெல்லிய தங்கத் தகடு போர்த்தியது. இருபது வருடம் வரை தகடு தேயாது என்பதே அந்த உத்தரவாதம்.

அதே உட்புறத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசியால் கீறிய சின்னஞ்சிறு எண்களும் எழுத்துகளும் தெரியும். எனக்குப் பழைய வாட்சுகளில் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு முறை ரிப்பேருக்கு வந்தபோதும் அந்தந்தக் கடைக்காரர் தன் அடையாளத்துக்காகப் போட்ட குறிகள் அவை. சிலவற்றில் தேதியும் இருக்கும். நாலைந்து குறி இருந்தால் உங்கள் தாத்தா வாட்சை ஒழுங்காகப் பராமரித்தவர். ஒன்றுகூட இல்லையென்றால் அச்சுத் தேய்மானம் கூடுதலாக இருக்கக்கூடும். பாலிஷ் போடுபவர் கையில் கூட்டைக் கொடுத்தால் முதலில் அழிவது இந்தச் சரித்திரம்.

திறந்த நிலையில் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வாட்சை மட்டமாகப் பிடித்து, மணிக்கட்டால் மெதுவாக ஒரு அரைத் திருப்பு திருப்புங்கள். பேலன்ஸ் வீல் தடையில்லாமல் முன்னும் பின்னும் ஆடி, மெல்ல அடங்க வேண்டும். சாய்ந்து தள்ளாடினால் அல்லது அசையவே மறுத்தால் பேலன்ஸ் அச்சு உடைந்திருக்கலாம். வாட்ச் எப்போதோ கீழே விழுந்ததற்கு அடையாளம் அது. 1930-களில் இன்காப்ளாக் போன்ற அதிர்வு தாங்கும் அமைப்புகள் வருவதற்கு முன், வாட்ச் தரையில் விழுந்தால் முதலில் போவது இந்த அச்சுதான்.

குமிழை இழுத்தும் முள் நகரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். அமெரிக்க ரயில்வே வாட்சுகளில், முன்பக்கக் கண்ணாடி வளையத்தைக் கழற்றி, டயல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை இழுத்தால்தான் நேரம் மாற்ற முடியும். 1891-ல் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநர் ஒருவரின் வாட்ச் 4 நிமிடம் பின்தங்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு ரயில்வே வாட்சுகளுக்கான விதிகள் இறுகின. சட்டைப்பையில் குமிழ் தற்செயலாக இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த நெம்புகோல்.

இனி வேலை ரிப்பேர்காரரின் மேசையில். ‘ஆயில் சர்வீஸ்’ என்ற பெயரில் சில கடைகளில் நடப்பது, வாட்சைப் பிரிக்காமலேயே பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் தெளிப்பது. அது சர்வீஸ் அல்ல. முறையான வேலையில் முதலில் மெயின் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையைக் குமிழைப் பிடித்தபடி மெதுவாக இறக்குவார்கள். இதை மறந்து மேல்தகட்டைக் கழற்றினால் சக்கரங்கள் ஒரே நொடியில் சுழன்று பல்லோ அச்சோ போய்விடும். பிறகு பேலன்ஸ், அதை எஸ்கேப் வீலோடு இணைக்கும் பேலட் முட்கரண்டி, சக்கரங்கள், மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாம் கழுவப்படும். பேலட்டில் உள்ள கற்கள் அரக்கு வைத்து ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் பேலட்டை ஸ்பிரிட்டில் ஊற வைக்க மாட்டார்கள். கல் துளைகளைக் கூராகச் சீவிய மரக்குச்சியால், குச்சி அழுக்கில்லாமல் வெளியே வரும் வரை, திருகித் துடைப்பார்கள். பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரு வாட்ச் சரியாகச் சுத்தமாயிற்றா இல்லையா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

எண்ணெயில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வேண்டும். வேகமாக ஓடும் மெல்லிய அச்சுகளுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாக நகர்ந்து பாரம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியானது. கல்லின் குழி பாதிக்குச் சற்றுக் கூடுதலாக நிரம்பினால் போதும். வழிய வைத்தால் எண்ணெய் அங்கே நிற்காமல் தகட்டின் மேல் பரவிப் போய்விடும், அச்சு வறண்டுவிடும். பேலட் அச்சுக்கு எண்ணெயே வைக்க மாட்டார்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ தையல் மிஷின் எண்ணெயையோ வாட்சில் அடிக்கும் ஆசை வந்தால், வாட்சைத் திரும்ப லாக்கரில் வைத்துவிடுவது உத்தமம்.

மெயின் ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று ரிப்பேர்காரர் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். பழைய நீல எஃகு ஸ்பிரிங்குகள் வருடக்கணக்கில் சுருண்டு கிடந்து வலுவிழந்திருக்கும், திடீரென்று உடையவும் செய்யும். இன்றைய கலப்பு உலோக ஸ்பிரிங்குகளுக்குத் துரு பிடிக்காது. அகலம், தடிமன், நீளம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். நன்றாக ஓடட்டும் என்று தடிமன் கூடியதைப் போட்டால் பேலன்ஸ் அளவுக்கு மீறி வீசி, நேரம் தாறுமாறாக ஓடும்.

பேலன்ஸ் அச்சு உடைந்திருந்தால் செலவு ஏறும். புழக்கத்தில் இருந்த அமெரிக்க வாட்சுகளுக்கு அச்சுகள் இன்னும் தேடினால் கிடைக்கின்றன. பெயர் தெரியாத ஸ்விஸ் இயந்திரத்துக்கு, கடைசல் எந்திரத்தில் புதிதாகக் கடைய வேண்டும். அல்லது அதே இயந்திரமுள்ள இன்னொரு செத்த வாட்சை வாங்கி உறுப்பு மாற்ற வேண்டும். உங்களுடையது ராஸ்கோப் வகை என்றால் ஒரு கணம் யோசியுங்கள். 1867-ல் ராஸ்கோப் என்பவர் எளிய மக்களும் வாங்கும்படி மலிவாகச் செய்து காட்டிய அமைப்பு அது. அதற்குப் பேலட்டில் கல் கிடையாது, எஃகு ஊசிகள்தான். செலவு வாட்சின் விலையைப் பலமடங்கு தாண்டும். பாசத்துக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள், முதலீடு என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

ஓட வைப்பது வேறு, புதுசாக்குவது வேறு. பீங்கான்போல் பளபளக்கும் எனாமல் டயலில் மெல்லிய விரிசல் இருந்தால் அப்படியே விடுங்கள். டயலுக்கு மறுபெயிண்ட் அடித்து, எழுத்தை மாற்றி எழுதிய வாட்சுகள் நம் சந்தையில் ஏராளம். விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அவை உடனே தெரியும், மதிப்பும் விழும். நிக்கல் முலாம், பஃப் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி இயந்திரம் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாட்சை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

டயலின் எண்களிலும் முட்களிலும் மஞ்சளோ பழுப்போ ஆன பூச்சு தடிப்பாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளிரும் தன்மை போயிருக்கும், ரேடியம் போயிராது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். சுரண்டவோ ஊதவோ கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. ரிப்பேர்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கப் போகிறவர் அவர்தான்.

நல்ல ரிப்பேர்காரர் அரிதாகிவிட்டார், ஆனால் இல்லாமல் போகவில்லை. 1961-ல் பெங்களூரில் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. சாவி வாட்சுகளைப் பல பத்தாண்டுகள் பிரித்துக் கோத்த கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பாக்கெட் வாட்ச் அவர்களுக்கு அந்நியமல்ல. முழுதாகப் பிரிப்பீர்களா, ஸ்பிரிங் புதிதா, டைமிங் மெஷினில் போட்டுக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். டைமிங் மெஷின் ஓட்டத்தின் துல்லியத்தோடு பேலன்ஸின் வீச்சையும் காட்டும். வாட்சைப் படுக்கவைத்து முழுச் சாவியில் 250 பாகைக்கு மேல் வந்தால் பழைய வாட்சுக்கு அது நல்ல ஆரோக்கியம். 200-க்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு நாள்தோறும் ஒரே நேரத்தில், காலையில், சாவி கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் போனால் அது அந்தக் காலத்துச் சாதாரண வாட்சுக்கு இயல்பு. திடீரென்று மிக வேகமாக ஓட ஆரம்பித்தால் பேலன்ஸோடு இணைந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கும், கடைக்காரர் சில நொடிகளில் இறக்கிவிடுவார். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட மொபைல் உறை பக்கத்தில் வைக்காதீர்கள். அடுத்த சர்வீஸ் ஐந்து வருடம் கழித்து. கடையில் கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் உடைந்த அச்சையும் கேட்டு வாங்கி, பில்லோடு ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். அடுத்து வாட்சைத் திறப்பவருக்கு அந்த அளவுகள் தேவைப்படும்.