வண்டி போகும், வீல்சேர்?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் உதவிகளில் பலரும் ஆசையாகக் கேட்பது பெட்ரோல் ஸ்கூட்டரை. பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய அந்த வண்டியால் வேலைக்குப் போனவர்கள், கடை போட்டவர்கள் ஏராளம். ஆனால் வீல்சேரிலேயே வாழ்பவருக்கு அதில் பாதிப் பயணம்தான். வண்டி கிளம்பிவிடும், வீல்சேர் வீட்டிலேயே நிற்கும். வங்கி வாசலில் போய் நின்றால், இருக்கையிலிருந்தபடியே யாரையாவது கூப்பிட வேண்டியதுதான்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. காலில் உணர்ச்சி இருக்காது. பாதம் நழுவித் தார்ச்சாலையில் உரசினாலும், சைலன்சர் சுட்டாலும், வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் புண் தெரியும். அனுபவப்பட்டவர்கள் ஷூ போட்டு, காலைப் பட்டையால் கட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள்.

ஸ்கூட்டரை விட்டால் அடுத்த வழி கார். அதை ஓட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. ஆட்டோமேட்டிக் கியர், ஸ்டியரிங்குக்குக் கீழே ஹேண்ட் கன்ட்ரோல். முன்னே தள்ளினால் பிரேக். மாடலைப் பொறுத்து இழுத்தாலோ திருகினாலோ வேகம். இன்னொரு கை ஸ்டியரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்துத் திருப்பும். கால் திடீரென உதறிப் பெடலில் பட்டுவிடாமல் ஒரு தடுப்புத் தகடு. காரை இப்படி மாற்றிக்கொள்ள, நிபந்தனைகளோடு, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வழிவிடுகிறது.

கஷ்டமெல்லாம் கார் கதவருகேதான். கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை ஒட்டி நிறுத்தி, சறுக்குப் பலகையில் உடம்பை நகர்த்தி உட்கார வேண்டும். பிறகு சக்கரங்களைக் கழற்றி, நாற்காலியின் சட்டகத்தை மடியில் தூக்கி, நெஞ்சுக்கு மேலாகப் பக்கத்து இருக்கைக்குத் தள்ள வேண்டும். தோள்பட்டைதான் எல்லாவற்றுக்கும் விலை கொடுக்கிறது. கதவை முழுக்கத் திறந்து நாற்காலியை ஒட்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றுத்திறனாளி பார்க்கிங்குக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்கிறார்கள். நம் ஊரில் அந்த இடைவெளியைக் கண்டதும் யாரோ பைக்கைச் செருகிவிடுகிறார்கள்.

சென்னை ஐஐடியில் உருவாகி 2021இல் அறிமுகமான நியோபோல்ட், ஏறி இறங்கும் வேலையையே ஒழித்துவிட்டது. வீல்சேரின் முன்னால் மோட்டார் சக்கரத்தை மாட்டினால் நாற்காலியே வண்டி. சேர்ந்ததும் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். ஹேண்ட் கன்ட்ரோலைவிட இதையே பெரிய பாய்ச்சலாக நினைக்கிறேன். சென்னையில் இதை ஓட்டி உணவு டெலிவரிகூடச் செய்கிறார்கள். ஆனால் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ. நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமத்துக்காரர், லாரிகளுக்கு நடுவே அந்த வேகத்தில் போக மனம் வராமல், இன்னமும் பெட்ரோல் ஸ்கூட்டருக்குத்தான் மனு கொடுப்பார்.