ஈரத் துவாலையும் மின்சாரத் தாங்கியும்

மழைக்காலத்தில் ஈரத்துணியை உலர்த்துவது சமவெளியில் உள்ளோர்க்குச் சிறு தொல்லை. மலைநாட்டில் வாழ்வோர்க்கோ அது நாள்தோறும் நேரும் பெருந்தொல்லை. நீலகிரியில் தேயிலை பயிரிடும் நம் அன்பர்களும், கொடைக்கானல் மலையில் காய்கனி விளைவிப்போரும் இதனை நன்கறிவர். காலையில் கொடியில் இட்ட துவாலை மறுநாளும் ஈரமாகவே தொங்கும். பின்னர் முடைநாற்றம் வீசும். நாளடைவில் பூஞ்சணத்தின் கரும்புள்ளிகளும் தோன்றும். பாடுபட்டு நெய்த துணி இவ்வாறு பாழாவதை நெசவாளர் எவரும் விரும்பார்.

இக்குறையைப் போக்கவென, மின்சாரத்தால் சூடேறும் துவாலைத் தாங்கிகள் இப்போது கடைகளில் விற்கப்படுகின்றன. சுவரில் பொருத்துவன ஒரு வகை. தரையில் தாமே நின்று, வேண்டிய இடத்திற்கு எடுத்துச் செல்லத்தக்கன மற்றொரு வகை. வாடகை வீட்டில் இருப்போர்க்கும், சுவரைத் துளைக்க விரும்பாதோர்க்கும் இரண்டாம் வகையே ஏற்றது. அதனை வாங்குமுன் ஆராய வேண்டியவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

தேவை உண்டா?

ஈரோடு, கரூர் போன்ற ஊர்களில் இத்தாங்கி வீண்செலவே. வெயிலும் காற்றும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மலையிலோ நிலைமை வேறு. அங்குச் சிலர் மூடிய அறையில் கரிக் கணப்பு மூட்டி, அதனருகே துணியை உலர்த்துவதுண்டு. இவ்வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும். எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குவோரின் உயிரை அது அறியாமலே பறித்துவிடும். இவ்விடரை நோக்க, நல்ல மின் தாங்கி ஒன்று எவ்வளவோ மேல்.

கணக்குப் பார்ப்போம்

இதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்தின் வெப்பம் வேண்டும். துவைத்துப் பிழிந்த கனத்த பூத்துவாலை ஒன்று அரைக்கிலோ நீரைத் தாங்கி நிற்கிறது எனக் கொள்வோம். 100 வாட் தாங்கியின் வெப்பம் முழுவதும் அந்நீருக்கே சென்றாலும், உலர்வதற்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். வெப்பத்தில் ஒரு பகுதி அறைக்காற்றில் கலந்துவிடுவதால், உண்மையில் இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே குளித்துத் துவட்டிய துவாலையின் ஈரத்தைப் போக்கவே இச்சாதனம் உரியது. துவைத்த துணிகளையெல்லாம் உலர்த்துவதற்கு அன்று.

100 வாட் தாங்கியை நாளொன்றுக்கு 3 மணி நேரம் இயக்கினால் 30 நாளில் 9 யூனிட் செலவாகும். மறந்து இரவும் பகலும் விட்டுவைத்தால் அதுவே 72 யூனிட் ஆகிவிடும். குறித்த நேரத்தில் தானே நின்றுவிடும் அமைப்பு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது இதனாலேயே நன்று.

உறுதியும் உலோகமும்

தாங்கியின் அடிப்பாகம் அகலமாக இருத்தல் வேண்டும். ஈரத்துணியை ஒரு பக்கத்தில் மட்டும் போட்டுப் பார்க்க. சாயுமாயின் அதனை வாங்கற்க. குழந்தைகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம். குழாய்களுக்கிடையே காற்றுச் செல்லப் போதிய இடைவெளியும் வேண்டும்.

எவர்சில்வர் துரு எளிதில் பிடிக்காது. அலுமினியம் எடை குறைந்தது, விரைவில் சூடேறும். பூச்சிட்ட இரும்பு விலை குறைவாயினும், பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறி, வெண்துவாலையில் கறை படியும். குழாயினுள் வெப்பக்கம்பி மட்டும் உள்ள தாங்கி விரைந்து சூடாகும். எண்ணெய் போன்ற திரவம் நிரம்பியது மெல்லச் சூடேறி, நிறுத்திய பின்னும் சிறிது நேரம் வெப்பம் காக்கும். ஆனால் பின்னது எடை மிக்கது; இடம் மாற்றுதல் கடினம்.

உயிர்க்காப்பு

நீரும் மின்சாரமும் நெருங்கும் இடத்தில் சிறு கவனக்குறைவும் உயிரைக் குடிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்க்க. மூன்று முனைப் பிளக்கும், வீட்டில் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதன. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துதல் நலம். சாதனத்தின் மீதுள்ள ஐ.பி. எண்ணின் இரண்டாம் இலக்கம் 4 எனில், தெறிக்கும் நீரை அது தாங்கும். எனினும் குளியலறைக்குள் வைப்பதைவிட, வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே சாலச் சிறந்தது. ஈரக்கையால் சுவிட்சைத் தொடலாகாது. பட்டுத் துணியையும் ரப்பர்ப் பொருளையும் அதன்மேல் இடலாகாது.

துவாலையே முதன்மை

தாங்கியைத் தேர்வதற்கு முன் துவாலையைத் தேர்தல் வேண்டும். சதுர மீட்டருக்கு 500 கிராம் எடையுள்ள, 75 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் கொண்ட பூத்துவாலை அரைக்கிலோவிற்கும் அதிகமான நூலைக் கொண்டது. கைத்தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துண்டோ அதில் மூன்றிலொரு பங்கு எடைகூட இராது. குறைந்த நூல் குறைந்த நீரையே ஏற்கும், விரைந்தும் உலரும். ஆதலின் மலைநாட்டு அன்பர்கள் மெல்லிய துண்டுகளை நன்கு பிழிந்து, மடிப்பின்றி விரித்துப் போடுவார்களாக. அதன் பின்னும் ஈரம் தீராதெனில் தாங்கியை வாங்கலாம். விளைவிப்போர் இல்லத்தின் ஈரம் குறையவும், நெய்வோர் தறி ஓயாதிருக்கவும் இது ஒருங்கே வழிசெய்யும்.