பட்டாசுச் சாம்பலால் காருக்கு ஆபத்து!

விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமி. கார் மீது எப்போதும் தூசிதான். சிவகாசிப் பக்கம் தீபாவளி இரவு கழிந்ததும் பாருங்கள், பட்டாசுச் சாம்பலும் சேர்ந்திருக்கும்!

அதை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். தூசி அரம் போல் கீறும். கார் பெயிண்டின் மொத்தக் கனமே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான்!

சாம்பலில் கந்தகமும் உப்புகளும் உண்டு. ஈரம் பட்டால் அவை பெயிண்டை அரிக்கும். பெயிண்ட் போனால் இரும்பு துருப்பிடிக்கும்.

என்ன செய்வது?

காரை நிழலில் நிறுத்துங்கள். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு கார் ஷாம்பு கலந்த நீரால், மெல்லிய துணி கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். துணியை அலசத் தனி வாளி வையுங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டாம். மெழுகுப் பூச்சு போய்விடும். ஈரம் உலர்ந்ததும் மெழுகு பூசுங்கள்.

பட்டாசு வெடிக்கும் இடத்தில் காருக்கு உறை போட்டு வைக்காதீர்கள். ஒரு பொறி விழுந்தால் உறை தீப்பற்றும். பிறகு பெயிண்ட் என்ன, காரே மிஞ்சாது!