தாத்தா பாட்டிக்கு 50ஆவது திருமண நாள்: எந்தத் தேதியில் கொண்டாடுவது?

பேரப்பிள்ளைகள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்து, தாத்தா பாட்டியின் 50ஆவது திருமண நாளைக் கொண்டாடத் தீர்மானித்துவிடுகிறார்கள். இடத்துக்குப் பெரிய சிக்கல் இல்லை. மண்டபம் வேண்டாம், மாச்சாப் அணை ஏரிக்கரை போதும். ஜொகூர் பாருவிலிருந்து வருகிறவர்களுக்கும் சிகாமட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அது ஏறக்குறைய நடுவழி. பாய், பிரியாணி, கேக் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வருகிறது. கேக்கில் எந்தத் தேதியை எழுதுவது?

பாட்டியைக் கேட்டால், வைகாசியில் கோயில் திருவிழா முடிந்த மறு வாரம் என்பார். தாத்தாவோ, பழைய மண்டோர் வேலையை விட்டுப் போன வருஷம் என்பார். இரண்டும் சரிதான். ஆனால், நாட்காட்டியில் வட்டம் போட அவை உதவாது.

இது மறதியால் வந்த குறை அல்ல. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பொது ஏற்பாடு, 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின் வழி வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊர் கூடி நிற்கத் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. எந்த அலுவலகத்திலும் கையெழுத்து இல்லை. ஊரே சாட்சி. அந்த ஊர், அதாவது அந்தத் தோட்டம், இன்று இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஏரிக்கரைக்குப் போகும் வழக்கத்துக்கும் இதுவே காரணம் எனலாம். முன்பு குடும்பம் கூடுவதற்கென்று இடம் தேட வேண்டியதில்லை. லயத்து வாசல் இருந்தது, கோயில் திடல் இருந்தது. பெரியப்பா வீடும் அத்தை வீடும் ஒரே வரிசையில் இருந்தன. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர் தோட்டங்கள் விலைபோய்த் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. பலர் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். மிஞ்சிய ரப்பர் மரங்களும் விழுந்து செம்பனை வந்தது, பிறகு தாமான் வந்தது. ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் குளுவாங்கில் இருக்கிறார், ஒருவர் பாசிர் கூடாங்கில். மூன்றாமவர் விடியுமுன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். தாமான் வீட்டு முன்கூடத்தில் நாற்பது பேர் உட்கார முடியாது. ஏரிக்கரையில் முடியும்.

சரி, 50ஆவது திருமண நாள் என்பது நம் வழக்கமா? மூத்தவர்களில் சிலர் இதைக் கேட்பதுண்டு. நம் மரபில் உள்ளது அறுபதாம் கல்யாணம், அதாவது மணிவிழா. அது திருமணம் நடந்த ஆண்டை எண்ணுவதில்லை, கணவரின் வயதை எண்ணுகிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத்தான் மீண்டும் வரும். 1966 சித்திரைக்குப் பின் பிறந்தவர் பராபவ ஆண்டுக்காரர். அதே பராபவ 2026 சித்திரையில் மறுபடி வருகிறது. வியாழன் ராசி மண்டலத்தைச் சுற்றிவரச் சுமார் 12 ஆண்டு, சனிக்குச் சுமார் 30 ஆண்டு. இரண்டும் பிறந்தபோது இருந்த இடத்துக்கு ஒருசேரத் திரும்புவதும் அறுபதில்தான். அன்று மீண்டும் தாலி கட்டுவார்கள். மார்க்கண்டேயன் கதையோடு தொடர்புடைய திருக்கடையூருக்கு மலேசியாவிலிருந்தும் தம்பதிகள் போய் வருகிறார்கள். எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்டவர் என்ற கணக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரமாவது முழுநிலா வர 80 வயதும் ஏறக்குறைய பத்து மாதமும் ஆகிறது.

மணிவிழாவை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கணக்கில் மனைவியின் வயது எங்கும் வருவதில்லை. திருமண நாள் என்பது இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போய், திரும்பி வந்து உலை வைத்த பாட்டிக்கு அதில் சரிபாதி உண்டு. பேரப்பிள்ளைகள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நல்ல காரியம்தான்.

இனி தேதிக்கு வருவோம். முதலில் தேட வேண்டியது கல்யாணப் பத்திரிகை. பெட்டியின் அடியில், சாமி படத்துக்குப் பின்னால், மூத்த மகள் வீட்டு அலமாரியில் எங்காவது ஒன்று இருக்கலாம். அதில் ஆங்கிலத் தேதி அழிந்திருந்தாலும் தமிழ்த் தேதி போதும். எடுத்துக்காட்டாக, "நள வருஷம் வைகாசி மாதம் 10ஆம் நாள்" என்று இருந்தால், நள என்பது 1976 சித்திரையில் தொடங்கிய ஆண்டு. வைகாசி பிறப்பது மே மாத நடுவில். ஆகவே பத்தாம் நாள் மே 23ஐ ஒட்டி வரும். 1976 மே 23 ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையிலும் ஞாயிறு என்று இருந்தால் தேதி கிடைத்துவிட்டது. கிழமை ஒரு நாள் முன்பின் இருந்தால் தேதியையும் ஒரு நாள் நகர்த்திப் பார்க்கலாம். பழைய பஞ்சாங்கம் கிடைத்தால் சந்தேகமே இல்லை.

பத்திரிகை இல்லாவிட்டால் மொய் நோட்டு. அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தேதி எழுதுவது வழக்கம். அடுத்து ஸ்டூடியோ படம். அதன் பின்பக்கத்தில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் ஓர் எல்லையைக் காட்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் மாதம் மட்டுமே தெரிந்தால் மாதத்தை மட்டும் எழுதுங்கள். பாட்டி சொன்ன 'திருவிழா முடிந்த மறு வாரம்' கேக்கில் அழகாகவே இருக்கும்.

கேக்கை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1982 மார்ச் 1க்கு முன் சமயப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணம், பதிவானதாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. தாத்தா பாட்டியின் கல்யாணம் செல்லும், பயப்பட வேண்டாம். ஆனால், செல்லுபடியாவது வேறு, கையில் தாள் இருப்பது வேறு. கணவர் இறந்த பிறகு சொக்சோவின் மாதாந்திரத் தொகைக்கோ வாரிசு நியமிக்காத சேமநிதிக்கோ மனைவி போய் நின்றால், முதலில் கேட்பது திருமணச் சான்றிதழைத்தான். இப்படிப்பட்ட பழைய திருமணங்களை எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ள 31ஆவது பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பிக்க வேண்டியவர்களாக அது சொல்வது மணமக்களை. எனவே இருவரும் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

1982க்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதியாமல் விட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு 4ஆவது பிரிவின் பாதுகாப்பு இல்லை. அந்தத் திருமணங்கள் செல்லுமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே மாதிரித் தீர்ப்பு சொன்னதில்லை. அதன் சுமை பிள்ளைகள் மேல் விழுகிறது. தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாக ஆன கதைகள் நம் சமூகத்தில் உண்டு. அப்படிப்பட்ட தம்பதி குடும்பத்தில் இருந்தால், கூடுகிற அன்றே பேசிவிடலாம்.

தேசியப் பதிவிலாகாவுக்குப் போகுமுன் இருவரின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கிடைத்த பத்திரிகை, படம் எல்லாவற்றையும் ஓர் உறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு என்னென்ன தேவை என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கல்யாணத்தை நேரில் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்பே அவர்களை உட்கார வைத்து, தோட்டத்தின் பெயர், கோயிலின் பெயர், மேளம் அடித்தவர் யார், பந்தல் போட்டவர் யார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சாப்பாடு முடிந்துவிட்டால் பெரியவர்கள் பாயில் சாய்ந்துவிடுவார்கள்.