தாளத்துக்கு வெளியே ஒரு மாலை

பியானோவில் சில ஆண்டுகள் பயின்று, பாக், கிளெமென்டி என்று வாசித்துத் தேறிய மாணவர் இருபதாம் நூற்றாண்டு இசைக்குள் நுழைய ஒரே ஒரு படைப்பைச் சொல்லுங்கள் என்றால், நான் தயங்காமல் சொல்வது பேலா பார்டோக்கின் ‘டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை’. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். விரல்களைத் திணறடிக்கும் ஓட்டங்கள் கிடையாது. சிக்கலெல்லாம் காலப்பிரமாணத்தில்தான்.

1907-ல் பார்டோக் ஃபோனோகிராஃப் கருவியோடு டிரான்சில்வேனியாவின் சேக்கெய் கிராமங்களுக்குப் போனார். அன்று அது ஹங்கேரி, இன்று ருமேனியா. அங்கே மக்களைப் பாடவைத்து மெழுகு உருளைகளில் பதிவுசெய்தபோது, ஐந்தே சுரங்களில் நடக்கும் பழைய மெட்டுகள் அவருக்குக் கிடைத்தன. மறு ஆண்டு மாணவர்களுக்காக எழுதிய ‘பத்து எளிய துண்டுகள்’ தொகுப்பில் ஐந்தாவதாக இது வருகிறது. ஆனால் இதன் மெட்டுகள் எந்தக் கிராமத்திலும் சேகரித்தவை அல்ல. அந்த மக்களின் பாணியில் அவரே புனைந்தவை. மெதுவான முதல் மெட்டு வாய்ப்பாட்டைப் போன்றது, துள்ளலான இரண்டாவது குடியானவரின் குழலோசையைப் போன்றது என்று 1944-ல் ஒரு பேட்டியில் அவரே விளக்கினார். இரண்டும் மாறிமாறி வருகின்றன.

முதல் மெட்டின் சுரங்கள் இ, ஜி, ஏ, பி, டி. ஐந்தும் வெள்ளைக் கட்டைகள். இ-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து சுரங்கள்! தமிழ் மாணவருக்கு இது காதில் உடனே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட கையோடு கமகம் போடவும் மனம் தவிக்கும். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே சறுக்கிப்போக வழியில்லை. அந்த நெளிவை எல்லாம் இங்கே காலத்தாலும் அழுத்தத்தாலும்தான் காட்டியாக வேண்டும்: எந்தச் சுரத்தில் ஒரு கணம் கூடுதலாக நிற்பது, எதை லேசாகத் தொட்டுக் கடப்பது.

பார்டோக் மேலே ‘ரூபாட்டோ’ என்று குறித்திருக்கிறார். விருத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். சொல்லின் எடைக்கு ஏற்பக் காலம் நீளும், சுருங்கும். ஆனாலும் அடி சிதறாது. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை மெட்ரோனோம் வைத்துப் பழகுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முதலில் பியானோவை மூடிவைத்துவிட்டு மெட்டை வாயால் பாட வேண்டும். எங்கே மூச்சு எடுக்கிறோமோ, அங்கேதான் கையும் எழ வேண்டும்.

இடதுகைக்கு நீண்டு நிற்கும் கார்டுகள். பியானோவில் ஓர் ஒலி பிறந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். கார்டு தேய்ந்துகொண்டிருக்க, மேலே மெட்டு அதைவிடச் சற்றே உரக்கப் பாட வேண்டும். இந்த அளவைக் காதுதான் சொல்லிக்கொடுக்கும். பெடலை அழுத்தியே வைத்தால் எல்லாம் கலங்கிவிடும். கார்டு மாறும் இடத்தில், புதிய கார்டு ஒலித்த பிறகே பெடலை விட்டு மீண்டும் மிதிக்க வேண்டும். முன்கூட்டியே விட்டால் நடுவே ஓட்டை விழும்.

இரண்டாவது மெட்டில் ‘நான் ரூபாட்டோ’ என்ற கட்டளை. இப்போது மெட்ரோனோமை எடுக்கலாம். விரல் நுனியில் தெளிவு, கறாரான தாளம், கஞ்சத்தனமான பெடல். கடினமான இடம் இரண்டு மெட்டுகளும் சந்திக்கும் விளிம்பு. நெகிழ்ந்த காலத்திலிருந்து கறாரான காலத்துக்குத் தடுமாறாமல் தாவ வேண்டும். அதனால் ஒரு மெட்டின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் இரண்டு பாரையும் மட்டும் தனியாக எடுத்து, முழுவதையும் வாசிக்கும் முன்பே பழகிக்கொள்வது நல்லது.

பார்டோக் தாமே வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது. அதைக் கேட்பதை மட்டும் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்வேன். முதலில் நம் குரலில் மெட்டு ஊற வேண்டும். பிறகு கேட்டால், தாம் எழுதிய கால அளவுகளை அவரே எவ்வளவு தாராளமாக நெகிழ்த்துகிறார் என்று காது பிடித்துக்கொள்ளும்.